பழைய சாமான்களைக் கைமாற்றுவது எப்படி: ஒரு ரேடியோ பாஸ் சொல்கிறேன்

சாமான் சேர்க்கிற ஆளிடம் போய், "இதெல்லாம் குப்பை, தூக்கிப் போடுங்க" என்று ஆரம்பித்தால் அந்த வேலை அன்றோடு முடிந்தது. அடுத்த நாள் அவர் அந்த அறைக்கு ஒரு பூட்டு வாங்கிவிடுவார். நானும் அந்த ரகம்தான். இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில் ஒரு சந்துக்குள் ரேடியோ திருத்துகிற கடை வைத்துப் பிழைத்தவன். 'ரேடியோ பாஸ்' என்றால் ஆட்கள் கைகாட்டுவார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) சின்ன வயதில் தொற்றிய பழக்கம், கடை வந்ததும் தொழிலோடு தொழிலாகிவிட்டது. மேசைக்கடியில் வால்வு செட், மேல் பலகையில் கெசட் பிளேயர், மூலையில் குழாய் டிவி, வீட்டு இஸ்தோப்பில் (முன் வராந்தாவில்) படங்கு போட்டு மூடிய ஸ்பீக்கர் பெட்டிகள். முழங்கால் வலியால் கடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தபோது இதையெல்லாம் குறைத்தேன். குறைத்த விதத்தை எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது துணியாக இருக்கலாம், போத்தலாக இருக்கலாம், பலகைத் துண்டாக இருக்கலாம். வழி பெரிதாக மாறாது.

முதலில், ஏன் சேர்த்தோம் என்று பார்த்துவிடுங்கள். காரணத்துக்கு ஏற்றமாதிரி வைத்தியம் மாறும்.

1970க்கும் 1977க்கும் இடையில் இந்த நாட்டில் இறக்குமதி எப்படி இறுகிக் கிடந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாணுக்கு வரிசை, மாவுக்குத் தட்டுப்பாடு. தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்களே உண்டு. நான் அப்போது வேலை பழகுகிற பையன். ஒரு ஏசி 128 டிரான்சிஸ்டர் போய்விட்டால் கொழும்பில் தேடினாலும் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. செத்த ரேடியோதான் எங்களுக்குப் பார்ட்ஸ் கடை. அன்று சேர்த்தவன் புத்திசாலி. 1977க்கு அப்புறம் கடைகளில் சாமான் குவிந்த பிறகும் அந்தப் புத்தி எங்களை விட்டுப் போகவில்லை. 2022இல் காஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றபோது, "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்று அது மறுபடி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

இது தேவைக்குச் சேர்த்தது. பயத்துக்குச் சேர்த்தது வேறு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகளான மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் வந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தது; மிச்சம் 150,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டது. அந்த முடிச்சை அவிழ்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போக வேண்டியிருந்தது. அத்தனை காலமும் ஒரு துண்டுக் காகிதம் இருந்த வீட்டுக்கு ஒரு விதி, இல்லாத வீட்டுக்கு வேறு விதி. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் பேப்பரை எறிவானா? மருந்துச் சிட்டை, சீட்டுக் கணக்கு, பஸ் டிக்கட் வரைக்கும் ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும்.

இன்னொன்று, நம்முடையதே அல்லாதது. யாரோ கொடுத்துவிட்டுப் போனது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மீதியெல்லாம் வெறும் பழக்கம். அதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வேலையைப் பேப்பரில் தொடங்குங்கள். சுலபமானது போத்தல்தான், அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்று பலர் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்கு அது ஒத்துவராது. முக்கியமான காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரியாத வரைக்கும் எந்தக் குவியலைத் தொட்டாலும் "அதுக்குள்ள ஏதாவது இருந்துட்டா?" என்று கை பின்வாங்கும். காகிதம் பத்திரமாகிவிட்டால் மற்றதை விடுவதற்குப் பாதித் தைரியம் வந்துவிடும்.

ஒரே ஒரு ஃபைல் போதும். பிறப்பு, விவாக, மரணப் பதிவுகள், பிரஜாவுரிமைப் பத்திரம், அடையாள அட்டைகள் (பழையதும்தான்), ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பேப்பர்கள், தோட்டத்தில் வேலை செய்ததைக் காட்டும் கடிதம், பாங்குப் புத்தகம், வீட்டுக்கோ காணிக்கோ உரிய பத்திரம். நம் பக்கம் ஒரே ஆளின் பெயர் பிறப்புப் பதிவில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், ஈ.பி.எஃப்.இல் இன்னொரு விதமாக இருப்பது சகஜம். அதனால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டுகிற எந்தப் பழைய தாளையும் வைத்துக்கொள்ளுங்கள், அது பள்ளிக்கூட விடுகைப் பத்திரமாக இருந்தாலும் சரி. மற்றபடி, கட்டி முடித்த கரண்ட் பில், செத்துப்போன உத்தரவாத அட்டை, பழைய கலண்டர், சீட்டுக் கணக்கு எல்லாம் போகலாம். பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் மறுபடி எடுக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்; கிழிந்த பழைய பிரதிகள் ஒரு கட்டு தேவையில்லை.

மலைநாட்டு ஈரம் பேப்பரைத் தின்னும். மூல பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள், உள்ளே அடைபட்ட ஈரம் அங்கேயே இருந்து கறையாகும். காய்ந்த நாளில் காற்றாட வைத்து, கவரில் போட்டு, மூடி இறுகிய பெட்டியில் வையுங்கள். போனில் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தப் பெட்டி அலுமாரிக்கு மேலே அல்ல, கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண் சரிந்து லயன்களை மூடியதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மழை கொட்டும்போது "இறங்குங்க" என்று அறிவித்தால், ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அந்தப் பெட்டி. வாசல் வரைக்கும் சாமான் அடுக்கியிருக்கிற வீட்டிலிருந்து இருட்டில் இறங்க முடியாது. சாமான் குறைப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணங்களில் இது ஒன்று.

காலம் பார்த்துச் செய்யுங்கள். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் வெளியே எடுக்கிற வழக்கம் நமக்கு உண்டு, ஆனால் அது மழைக்காலம். எடுத்தது நனையும் என்று பயந்து அப்படியே உள்ளே தள்ளிவிடுவோம். ஊவாப் பக்கத்தில் ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை காற்றும் வெயிலுமாக இருக்கும், அதுதான் நேரம். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தாருக்கு அந்த மாதங்களில் கொட்டோ கொட்டென்று கொட்டும். அவர்கள் தைப்பொங்கலுக்கு அப்புறம் மார்ச்சுக்குள் முடிப்பது நல்லது.

பழக்கத்துக்குச் சேர்த்ததைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சிலிசிலி பேக் (கடையில் தருகிற பிளாஸ்டிக் பை), ஐஸ்கிரீம் டப்பா, ஹோர்லிக்ஸ் போத்தல், யோகட் கப். கையளவு வைத்துக்கொண்டு மற்றதை ஒரே உரச்சாக்கில் கட்டுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்காதீர்கள், பார்த்தால் பேசும். வெளியில் கிடக்கிற டின், டயர், சிரட்டை எல்லாம் முதலில் போகட்டும். தண்ணீர் தேங்கி நுளம்பு முட்டையிட்டால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்குப் போட முடியும். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்கிறபோது "ஒரு நாள் உதவும் சேர்" என்று சொல்லிப் பயனில்லை.

இப்போது கஷ்டமான குவியலுக்கு வருவோம்: தேவைக்குச் சேர்த்தது.

என் மேசையில் ஒரு மலிபன் பிஸ்கட் டின் இருந்தது. மூடியைத் திறந்தால் மேலே குமிழ்கள். தங்க விளிம்பு போட்ட பிலிப்ஸ் குமிழ், பல் தேய்ந்த வால்யூம் குமிழ், எப்படியோ உள்ளே வந்துவிட்ட ஒரு சட்டைப் பொத்தான். அதற்குக் கீழே டயல் நூலுக்கான சின்னச் சின்ன ஸ்பிரிங். அடியில் எண்ணெய்த் தூசியில் ஊறிய ஸ்குரூ. விரலை விட்டுக் கிளறினால் நுனியில் பச்சையாகக் களிம்பு ஒட்டும். இதில் ஒவ்வொன்றும் உதவும் பொருள்தான். அதனால்தான் "இது உதவுமா?" என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்விக்குச் சேர்க்கிற ஆள் சொல்கிற பதில் எப்போதும் "உதவும்".

கேட்க வேண்டியது வேறு. இது எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது? அந்த வேலையைக் கொண்டுவரப்போகிறவர் யார்? பெயர் சொல்லுங்கள். பெயர் வந்தால் உடனே போன் போடுங்கள். வரவில்லையென்றால் அந்த வேலை வராது. எனக்கு இதில் முதலில் போனது குமிழ்கள்தான். தங்க விளிம்புக் குமிழ் கேட்டு யாரும் படியேறி வந்து பல காலம் ஆகிறது.

அடுத்தது, வைத்திருந்தாலே செத்துப்போகிற சாமான். இதை எங்கள் தொழில் நன்றாகக் கற்றுக்கொடுக்கும். எலக்ட்ரொலிட்டிக் கண்டென்சர் பாவிக்காமல் வைத்தாலும் உள்ளே காய்ந்து அளவு இறங்கும். கெசட் பிளேயரின் ரப்பர் பெல்ட் பெட்டிக்குள்ளேயே உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கர் பேப்பரில் பூஞ்சணம் பிடிக்கும். டோர்ச் பற்றரி கசிந்து, தான் இருந்த இடத்தையும் அரித்துவிடும். 'புதுசு, பிரிக்கவே இல்லை' என்று நான் பொத்திப் பொத்தி வைத்த கண்டென்சர்களை மீற்றரில் போட்டுப் பார்த்தேன், பாதி போய்விட்டன. உங்கள் வீட்டிலும் இந்த இனம் இருக்கும்: பாதி மூட்டைச் சீமெந்து, தோல் படிந்த பெயிண்ட், இழுத்தால் நொறுங்குகிற இலாஸ்டிக், திகதி போன மருந்து. இவற்றுக்காக வருத்தப்பட வேண்டியதில்லை. நீங்கள் எறிவதற்கு முன்பே அவை போய்விட்டன.

உயிரோடு இருப்பதைக் கைமாற்றுங்கள். சேர்க்கிறவனுக்கு எறிய வராது, கொடுக்க வரும். அதனால் யாருக்கு என்பதை முதலில் தீர்மானித்து, அப்புறம் பொருளைத் தொடுங்கள். என்னுடைய மீற்றர், சோல்டரிங் அயன், நல்ல டிரான்ஸ்போமர்கள் எல்லாம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற தம்பிக்குப் போயின. அவன் ரேடியோ தொடமாட்டான். இருந்தாலும் இரும்பு பிடிக்கத் தெரிந்த கை. நல்ல நிலையில் இருந்த வால்வு செட்டுகளை எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கத்து ஹோட்டல்காரர்கள் கேட்டார்கள், வெள்ளைக்காரர் பார்ப்பதற்கு அலங்காரமாக வைக்க. பாடுகிற செட்டை வாய் கட்டி அலுமாரியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கொடுத்தேன், இஸ்தோப்பில் படங்குக்கடியில் இருந்தபோது மட்டும் என்ன கச்சேரியா நடந்தது? ஒன்று பள்ளிக்கூட விஞ்ஞான அறைக்கு, பிள்ளைகள் கழற்றிப் பார்ப்பதற்கென்றே.

இதில் ஒரு கண்ணி உண்டு. 'கொடுப்பதற்கு' என்று எடுத்து வைத்தது நாளாவட்டத்தில் இன்னொரு குவியலாகிவிடும். ஆகவே, கொடுக்கிற சாமானை வீட்டுக்குள் ஒதுக்கிவைக்காதீர்கள். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. அன்றைக்குத் த்ரீவீல் எப்படியும் போகும். அந்த வாரம் பிரித்தது அந்த ஞாயிறு வண்டியில் ஏறியாக வேண்டும். ஏறாதது பழைய இரும்புக்காரருக்கு.

பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் செம்பையும் அலுமினியத்தையும் தனியாகப் பிரித்துவிடுங்கள். கலந்து கொடுத்தால் எல்லாம் இரும்பு விலைக்குத்தான் போகும். ஆனால் செம்பு எடுக்கிறேன் என்று வயரைக் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை விஷம். பழைய குழாய் டிவியை உடைக்கவே உடைக்காதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உள்ளே வெற்றிடம். அடி விழுந்தால் கண்ணாடி தெறிக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் குழாயில் கரண்ட் தங்கி நிற்கும், தெரியாத கை பட்டால் தூக்கி எறியும். மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பிரதேச சபையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இனி, நம்முடையதல்லாத சாமான்.

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இந்தியாவுக்குப் பெயர் வந்த குடும்பங்கள் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடித்தார்கள். போகிற அவசரத்தில் திருத்தக் கொடுத்த ரேடியோவை எடுக்க வராதவர்கள் உண்டு. நான் வேலை பழகிய இடத்திலிருந்து என் கடைக்கு அவை வந்து சேர்ந்தன. கட்டியிருந்த துண்டுச் சீட்டில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் மட்டும். வேறு சிலர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள். அவர்கள் வீட்டார் விட்டுப்போனது கெசட்டுகள்.

அந்தக் கெசட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன் இல்லாத காலத்தில் குவைத்துக்கும் சவூதிக்கும் போன அம்மாமாருக்குக் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். பதிவு செய்ய வசதி இல்லாதவர்கள் என் கடைக்கு வந்து மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு கெசட்டை ஓடவிட்டுப் பார்த்தேன். முதலில் மழைச் சத்தம், அப்புறம் ஒரு பையன் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறான். ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுக்கி, பின்னால் யாரோ மெதுவாக எடுத்துக்கொடுக்க, "அம்மா, இத நான் தான் சொன்னேன்" என்கிறான். இதை எந்தச் சாக்கில் போடுவது?

இப்படிப்பட்டதைச் சாக்கில் போட வேண்டாம். நீங்களே வைத்திருக்கவும் வேண்டாம், ஏனென்றால் நம் ஈரத்தில் அது நாளுக்கு நாள் அழிகிறது. கெசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள்: நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். அதை ஓடவிட்டால் ஹெட்டும் கெடும், நாடாவும் அறுந்துபோகலாம். தெரிந்தவரிடம் சுத்தம் செய்ய விடுங்கள். சுத்தமாக இருப்பதை உடனே பிரதி எடுங்கள். பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் போதும். அதுவும் இல்லாவிட்டால் அமைதியான அறையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பதிந்தாலும் குரல் நன்றாகவே வரும். பிறகு உரிய வீட்டைத் தேடுங்கள். தோட்டத்து ஆட்கள் இப்போது கொழும்பில் இருக்கலாம், கூடலூர், கோத்தகிரி என்று நீலகிரியில் இருக்கலாம். ஆனால் பழைய லயத்தில் யாராவது ஒருவர் மற்றவர்களுடைய வட்ஸ்அப் இலக்கம் வைத்திருப்பார். வாய்ப்பாட்டுப் பையன் இப்போது பதுளையில் கடை வைத்திருக்கிறார். கெசட்டைக் கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, "டீ குடிச்சிட்டுப் போங்க பாஸ்" என்றார்.

ஆள் கிடைக்காத பொருளுக்குக் கெடு வையுங்கள். தெரிந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள், அடுத்த வருஷம் தைப்பொங்கல் வரைக்கும் பார்ப்பேன் என்று. அதற்குமேல் அதைக் காவல் காப்பது உங்கள் வேலை இல்லை.

வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று. பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதோ திருவிழாவுக்குப் போயிருக்கும்போதோ அறையைக் காலி செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். திரும்பி வந்தவர் முன்னைவிட இறுக்கமாகச் சேர்ப்பார், உங்களை நம்பவும் மாட்டார். என் மனைவி செய்ததுதான் சரி. "இந்த மேசையில சோறு வைக்கணும், இடம் பண்ணிக் கொடுங்க" என்றாள். எதை எடுப்பது என்று சொல்லவில்லை, எவ்வளவு இடம் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மேசைக்குப் பிறகு கட்டில், கட்டிலுக்குப் பிறகு இஸ்தோப்பு.

இவ்வளவும் பிடிவாதக்காரர்களுக்குச் செல்லும். சிலருக்கு இது பிடிவாதம் இல்லை, நோய். மகள் நர்ஸ், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தனி நோயாக வகைப்படுத்தினார்கள், பிறகு உலக சுகாதார நிறுவனமும் தன் பட்டியலில் சேர்த்தது. அடுப்பைப் பற்றவைக்க இடமில்லை, படுக்க இடமில்லை, ஒரு கிழிந்த பேப்பரைத் தொட்டாலும் ஆள் நடுங்கி அழுகிறார் என்றால் அறிவுரை வேலை செய்யாது. பேச்சு வழியாகச் செய்கிற சிகிச்சை இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். திட்டுவதை நிறுத்திவிட்டு அந்த இலக்கத்தை எடுங்கள்.

கடைசியாக, வருகிற வழியை அடைக்க வேண்டும். வெளியே போகிற சாக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உள்ளே வருவது நிற்காவிட்டால் பயனில்லை. இலவசம் என்ற சொல்லில் ஜாக்கிரதை. ஊரில் எனக்குப் பெயர் அப்படியே இருப்பதால் இன்னமும் செத்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "நீங்களே வெச்சுக்குங்க பாஸ், பார்ட்ஸுக்காவது ஆகும்" என்பார்கள். பஸ் நிலையத்துத் தம்பியிடம் கைகாட்டி அனுப்பிவிடுவேன். சிலர் நான் இல்லாத நேரம் பார்த்து இஸ்தோப்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அன்றைக்கே போன் போட்டு எடுத்துப்போகச் சொல்ல வேண்டும். ஓர் இரவு தங்கவிட்டால் காலையில் அதன் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றும்.